இதுவா, அதுவா

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அவருக்கு ஒரு பாட்டை முழுசாகக் கேட்கும் பொறுமை கிடையாது. வீட்டு அறையில் உட்கார்ந்து சின்தசைசரில் பாட்டுக் கட்டி இணையத்தில் போடும், பேர் தெரியாத புதுக் கலைஞர்களைத் தேடிப்பிடிப்பதுதான் அவருடைய பித்து. பிடித்த மறுநிமிடமே ஆசை விட்டுப்போகும். ஊரே கேட்க ஆரம்பித்துவிட்டாலோ, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

"உங்களுக்குக் கால்ல மட்டுமில்ல, காதுலயும் சக்கரம்" என்பாள் மனைவி.

அன்று கடையில் ஆள் இல்லை. போனில் பத்தோடு பதினொன்றாக ஒரு புதுப் பாட்டு வந்தது. டிரம்முக்குப் பதிலாக 'டிக், டிக்' என்று ஏதோ ஒரு சத்தம். வழக்கம்போல விரலால் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகுதான் உறைத்தது. சோதனைக் கண்ணாடியில் லென்ஸ் மாட்டுகிற சத்தமல்லவா அது!

பதறிப்போய்த் திரும்பப் போட்டார். சின்தசைசரின் இழுவைக்கு நடுவே ஓர் ஆண் குரல் சுற்றிச் சுற்றி வந்தது: "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா? சரி, அடுத்தது."

சாட்சாத் அவருடைய குரலேதான்.

சாயங்காலங்களில் கடைக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து போனை நோண்டுவது மகள் ஒருத்திதான். உடனே அவளைப் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ எப்பலேர்ந்து பாட்டுக் கட்டுற? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன்பா" என்றாள் மகள். "பாதியிலேயே நீங்க 'சரி, அடுத்தது'ன்னுட்டீங்க."