டம்பெல்லைக் கீழே வைக்கும்வரை

டாக்டர் சொன்னதால் எழுபது வயதில் திண்டிவனத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். உள்ளே ஆஞ்சநேயர் படம் இருப்பதால் எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் பயிற்சி செய்வோம்.

போன வாரம் பெஞ்சில் படுத்து, கைக்கு ஒன்றாகப் பத்துக் கிலோ டம்பெல்களைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் எனக்கு எதுவும் ஓடாது. "பன்னிரண்டு" என்று சத்தமாகச் சொன்னதும், முடிந்த சந்தோஷத்தில் படுத்தபடியே இரண்டையும் பக்கத்தில் போட்டுவிட்டேன். ஒன்று உருண்டு, அருகில் நின்ற ஓய்வுபெற்ற கண்டக்டர் மாணிக்கத்தின் காலில் போய் இடித்தது.

பதறி எழுந்து, குனிந்து அவர் கால்விரல்களை எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தன. மறுபடியும் எண்ணினேன். ஒன்பதேதான்.

"பேஜாராவாதீங்க சார். அந்த ஒண்ணு போன வருசமே சக்கரையில போயிடுச்சி. மீதி ஒம்பதையாவது எனுக்கு உட்டு வைங்க," என்று சிரித்தார் மாணிக்கம். நல்லவேளை, தோல்கூடக் கிழியவில்லை. சர்க்கரைக்காரர் காலில் சின்னக் காயம்கூட எளிதில் ஆறாதே!

இப்போதெல்லாம் டம்பெல்களைத் தொடைமேல் இறக்கி, எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் யார் கால் இருக்கிறதென்று பார்க்கிறேன். பிறகு எழுந்து போய், முழங்காலை மடக்கி மெதுவாக ஸ்டாண்டில் வைக்கிறேன். கையை எடுத்த பிறகுதான் "பன்னிரண்டு" என்று சொல்கிறேன்.