நோட்பூர்காவின் சுட்டுவிரல்

நோட்பூர்கா க்ரென் சுட்டுவிரலை உயர்த்திவிட்டாள். இனி அது இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டதை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் யார் என்ன சொன்னாலும் காற்றோடு போச்சு. ஒருமுறை தீ எச்சரிக்கை மணிக்கே விரலைக் காட்டினாள். அன்றைக்கும் தன் இயந்திரம் எண்ணி முடித்த பிறகுதான் அதை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்டீரிய மலைகளுக்கு நடுவே, சுரங்கக் கல்லூரியின் நிலவறையில் இருக்கிறது அவளுடைய இயந்திரம். கல்லின் மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, தெறிக்கும் எக்ஸ் கதிர்களை எண்ணி, கல்லில் எது எவ்வளவு என்று சொல்லும். எண்ணுகிற டிடெக்டருக்கும் அவள் குணம்தான். ஒரு கதிரைப் பிடித்ததும் நொடியின் துளியிலும் துளி நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். அப்போது வருவதெல்லாம் தவறிப்போகும். கதிர்கள் நெருக்கியடித்து வந்தால் இன்னும் நிறையத் தவறும். தவறியதைக் கணக்குப் போட்டுச் சேர்ப்பது அவள் வேலை. "அதுக்கும் முழுங்க நேரம் வேணாமா?" என்பாள், ஜாம் அடைத்த க்ராப்ஃபன் பன்னை மென்றபடி. கூட்டங்களில் கைதட்டல் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் சேர்த்துத் தட்டுவாள், விட்டுப்போனதற்காக.

பக்கத்து அறையில் கல்லைத் தகடாகச் சீவும் அலோய்ஸுக்கு வாய் ஓயாது. இன்று மாலை சுரங்கத்தார் நடனவிழா. போன வருடம் தனியாகப் போய், கோட்டு மாட்டும் இடத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பியவன் அவன். இந்த வருடம் அவள் வராவிட்டால் நெஞ்சு உடைந்துவிடும். அதனால் வாரம் முழுக்கக் கேட்டுப் பார்த்தான்.

"இஞ்ஜினியரம்மா, கல்லு மெருகு போட்டாச்சு, பசை தீந்துபோச்சு, வெளிய பனி கொட்டுது, நடனத்துக்கு என்னோட வர்றீங்களா, ஆமா அந்த ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

'மெருகு' காதில் விழுந்ததும் ஏறிய விரல் 'ஸ்க்ரூ டிரைவர்' வரும்போதுதான் இறங்கும்.

"அலமாரியில."

தினமும் அலமாரிதான் கிடைத்தது.

இன்று மதியம் பேராசிரியர் கோக்ளர் பாய்ந்து வந்தார். "க்ரென்! என் கார்னெட் கல்லுல எல்லாத்தையும் கூட்டினா நூத்துக்கு நூத்திநாலு காட்டுது. குட்டி போட்டுதா?"

விரல் ஏறியது. இறங்கியது.

"புது டிடெக்டர் மாட்டினீங்க, கண்ணு மூடுற நேரத்துக்குப் பழசோட நம்பரையே விட்டுட்டீங்க. ஒப்பிட வெச்ச சுத்த இரும்புல கதிர் கொட்டோ கொட்டுனு கொட்டும், நிறைய தவறிப்போச்சு. உங்க கல்லுல கொஞ்சம்தான் வரும், தவறினதும் கொஞ்சம். இளைச்ச இரும்புக்குப் பக்கத்துல நிறுத்தினா உங்க கல்லு குண்டாத்தான் தெரியும்."

கற்றையைக் குறைத்து எண்ணினாள். படிப்படியாகக் கூட்டி எண்ணினாள். புது நம்பரைக் கண்டுபிடித்தாள். கல் நூறுக்கு இறங்கியது. மிச்சக் கல்லையும் எண்ண விட்டாள்.

"குறைச்சு அனுப்புங்க சார். எதுவும் தவறாது."

வாசலில் நின்ற அலோய்ஸுக்கு உறைத்தது. பேராசிரியர் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்தான். பசை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினான். ஸ்க்ரூ டிரைவரையும் விழுங்கினான்.

"நடனத்துக்கு வர்றீங்களா?"

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அவன் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது.

விரல் ஏறியது. அவன் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்தும் சிவந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியரின் கல் பாதிகூட எண்ணி முடியவில்லை.

விரல் மெல்ல இறங்கி, நேராகப் போய், கற்றையை அணைக்கும் பொத்தானை அழுத்தியது.