வருஷம் திரும்புமுன் ஒரு ராக் கச்சேரி

கணவன் செத்த எட்டாம் மாதத்தில் ஒருத்தி ராக் கச்சேரிக்குப் போகலாமா என்று கேட்டால், ஈப்போ குனோங் ராபாட்டில் சரளாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கூடாது என்பார்கள். வருஷம் திரும்பும்வரை அவளுக்குக் கல்யாணம் காட்சி இல்லை, தீபாவளி இல்லை, காதுகுத்துக்குக்கூட அழைப்பு இல்லை. பள்ளி வேனை ஓட்டாதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு வேனை எடுத்து, ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் இறக்குவதற்கு மட்டும் துக்கம் குறுக்கே நிற்கவில்லை போலும்.

‘ரிபுட் செஞ்சா’ என்ற மலாய் ராக் குழு முப்பது வருஷம் கழித்து மறுபடி மேடை ஏறப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அவள் கணவன் அர்ச்சுனன் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்தான். ஊசி குத்தாத கையால் கைப்பேசியைத் தட்டி இரண்டு டிக்கெட் வாங்கி, அதைத் தாதியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டான். அந்தக் குழுதான் அவர்களுக்குக் கல்யாணத் தரகர். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து, டியூஷன் என்று வீட்டில் புளுகிவிட்டு டவுன் திடலுக்குக் கச்சேரி பார்க்கப் போனபோது சரளாவுக்குப் பதினைந்து வயது. அதே தோட்டத்துப் பையன் ஒருவன் அங்கே வரி தப்பாமல் கத்திப் பாடிக்கொண்டிருந்தான். தோட்டம் செம்பனையாகி, அவர்கள் ஈப்போவுக்கு வந்து, அவனுக்குத் தலை வழுக்கையான பிறகும் இருவரும் வேனில் அந்தப் பாட்டுகளைக் கத்திக்கொண்டுதான் போவார்கள். கச்சேரி ஒருமுறை தள்ளிப்போனது. அர்ச்சுனனுக்குப் பொறுமை இருந்தது, அவன் உடம்புக்கு இல்லை.

புதுத் தேதி வந்த அன்றே அவனுடைய அக்கா நவமணி வந்துவிட்டாள். பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது, தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவள். டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடு, சனம் நாலு விதமாய்ப் பேசும் என்று இதமாகத்தான் ஆரம்பித்தாள். போகத்தான் போகிறேன் என்று சரளா சொன்னதும் குரல் மாறியது. போனால் வருஷப் படையலுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆள்கூட வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரளாவுக்குப் பிள்ளை கிடையாது. அவன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட அந்தச் சனத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோபம் வந்தது, கோபத்தோடு பசியும் வந்தது.

இரண்டாவது டிக்கெட்டுக்கு ஹஃபீஸா வந்தாள். அவர்கள் தாமான் குடியிருப்பின் முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவள், அவளும் அந்தக் காலத்தில் சுவரில் அந்தக் குழுவின் படத்தை ஒட்டி அடி வாங்கியவள்தான். சனிக்கிழமை மதியம் கடையில் ஆள் நிரம்பி வழியும் நேரத்தில், எல்லாவற்றையும் கணவர் தலையில் கட்டிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

மண்டபம் முழுக்க ஐம்பது வயதுப் பதின்மர்கள். தைல வாடை தூக்கியது. பாடகருக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை, எட்டாத இடத்தையெல்லாம் கூட்டம் பாடி நிரப்பியது. உட்காரச் சொல்லிக் காவலாளி சரளாவிடம் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை அவரும் ஓரமாக நின்று பாடிக்கொண்டிருந்தார். ஓர் இந்தியப் பெண்ணுக்கு எல்லா வரியும் தெரிகிறதே என்று பக்கத்து மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்காகவே அவள் இன்னும் உரக்கப் பாடினாள். ஒரு பாட்டில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஆடினாள், ஆடுவதை நிறுத்தவில்லை. ஹஃபீஸா அதைப் படம் பிடித்தாள்.

வெளியே வந்ததும், யார் கண்ணிலும் படாமல் அழித்துவிடவா என்று ஹஃபீஸா கேட்டாள். சரளா அதைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தானே போட்டாள். யாரோ பார்த்து யாரோ சொல்லி நவமணிக்குத் தெரிவதில் அவளுக்குச் சம்மதமில்லை.

வேனுக்கு நடந்து போவதற்குள் நவமணி கூப்பிட்டுவிட்டாள்.

"எட்டு மாசம்கூட முழுசா ஆவல. ஆடிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்ல அண்ணி. அவரு செத்ததுக்கு அழுவ எல்லாரும் வந்தீங்க. அவருகூட சேந்து கத்துனவ நான் ஒருத்திதான்லா. அத என்னால விட முடியாது."

"படையலுக்கு நாங்க வரல."

"ஒங்களுக்கும் சேத்துதான் இலை போடுவேன். வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்."

நவமணி போனை வைக்கவில்லை. குரல் மட்டும் இறங்கி வந்தது.

"படத்துல நீ போட்டிருக்கிற கறுப்புச் சட்ட, தம்பியோடதா?"

பதினாறாம் நாள் அவன் துணிமணிகளை மூட்டை கட்டி அனுப்பியவளே நவமணிதான். ஒன்றும் வீட்டில் தங்கக்கூடாது என்று அலமாரி முழுவதையும் துழாவிப் பார்த்தவள்.

"ஆமா அண்ணி. அன்னிக்கு வேன் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சிட்டேன்."

"கொண்டாந்து எங்கிட்ட குடுத்துரு."

"குடுக்க மாட்டேன். பாக்கணும்னா படையலன்னிக்கு வாங்க. போட்டுக்கிட்டுதான் இருப்பேன்."