தொமாசாவின் முகம்

என் புருஷன் ஹசிந்தோவுக்குக் காலில் சக்கரம். கையில் தூரிகை இருந்தாலும் கண் வாசலில்தான் இருக்கும். சாக்லேட்டைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். இந்த மனிதரைத்தான் புவெப்லா நகரத்துப் பெரிய வீடுகள் படம் வரையக் கூப்பிட்டன.

பெரும்பாலும் கன்னிமடத்துப் படங்கள். மடத்துக்குள் போன பெண் செத்தாலும் வெளியே வரமாட்டாள். பார்க்கப் போனால் கம்பிக்கு அப்பால் கறுப்புத் திரை, குரல் மட்டும்தான். அதனால் உறுதிமொழி எடுக்கும் நாளில் பூக்கிரீடம் சூட்டி, அவளை வரைந்து வைத்துக்கொள்வார்கள். ஹசிந்தோ அங்கி, கிரீடம், மெழுகுவத்தி எல்லாவற்றையும் முன்பே தீட்டி, முகத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். அன்று காலை பெண் வீட்டுக்குப் போய் அதை ஒப்பேற்றிவிட்டு வருவார். சாயம் அரைப்பது நான்.

"எல்லாப் பொண்ணுக்கும் ஒரே மூக்கா வச்சிருக்கீங்களே?" என்று கேட்டால், "மூக்குன்னா மூக்குதாண்டி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இக்னாசியா அம்மாளின் ஒரே மகள் தொமாசாவின் படமும் அப்படித்தான் முடிந்தது. அன்று விருந்தாளிகளைக் கவனிக்கவே அந்த அம்மாளுக்கு நேரம் போதவில்லை. கோயிலில் மகள் தூரத்தில், முகத்திரைக்குள் இருந்தாள். சில நாள் கழித்துப் படத்தைக் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன்.

"யாரு பொண்ணுய்யா இது?" என்றாள் இக்னாசியா அம்மாள்.

"உங்க பொண்ணுதாம்மா."

"பெத்தவகிட்டயே கதை விடுறியா? சாகுற வரைக்கும் எனக்கு இருக்கப்போறது இந்தப் படம் ஒண்ணுதான். என் புள்ள மூஞ்சிய எனக்குக் குடுய்யா!"

படத்தைத் திரும்பத் தூக்கி வந்தோம். அந்தத் தாயை நினைத்தால் பாவமாக இருந்தது, இவரை நினைத்தால் ஆத்திரமாக இருந்தது. அவருக்கோ வீடு கொள்ளவில்லை. மாடிக்கும் முற்றத்துக்கும் நடந்தார். வரைவார், சுரண்டுவார், மறுபடி நடப்பார்.

"மூஞ்சி மறந்துபோச்சா?"

"மறந்தாத் தேவலையே" என்றவர், கடைசியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புதுப் படத்தைப் பார்த்ததும் இக்னாசியா அம்மாள் கன்னத்தைத் தொடப் போனாள். சாயம் இன்னும் காயவில்லை என்று தடுத்தேன்.

"இவதான். என் தொமாசா இவதான்" என்றாள். பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள். இமைகள் வீங்கியிருந்தன, மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஏன்யா அழுதிருக்கா? சிரிச்சுக்கிட்டே போனான்னுதானே எல்லாரும் சொன்னாங்க? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

ஹசிந்தோ வாசலைப் பார்த்தார். வழக்கமாக இந்நேரம் தெருவில் இருந்திருப்பார். அன்று போகவில்லை.

"எனக்குப் போக வேணாம், எங்கம்மாவக் கூப்பிடுங்கன்னு சொன்னாம்மா. நான்தான், வேலை முடியட்டும், அசையாம உக்காருன்னேன்."