முதலாளி வக லாரி

ராத்திரி லாரி ஓட்டுகிறவனுக்கு முன்விளக்கு இரண்டு என்றால் சந்தேகம் மூன்றாவது விளக்கு. அது மட்டும் ஒருநாளும் ஃபியூஸ் போகாது. எதிரே வருகிறவன் தூங்குகிறானா, பாலத்தடியில் நிற்கிறவன் போலீசா கள்ளனா, முதலாளி இன்று சாயா வாங்கித் தருகிறாரே ஏன், எல்லாவற்றையும் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இதே தொழிலில் கிடந்து உழன்றவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுபதுகளில் கொச்சியில், மட்டாஞ்சேரி முதலாளி ஒருவரின் பழைய லாரியை ஓட்டினேன். தமிழ்நாட்டிலிருந்து வற்றல் மிளகாய் மூட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து கொச்சங்காடிக் கிடங்கில் இறக்குவேன். விடிந்தால் படுப்பேன், தூக்கம் வராது. எண்பதுகள் தொடங்கிய சமயத்தில் அந்த லாரியை அவர் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தவைதான் இவை.

குளியல்

அந்த வண்டி குளித்ததெல்லாம் மழையில்தான். ஒரு மத்தியானம் கிடங்குக்குப் போனால், சோப்புப் போட்டுக் கழுவி, முகப்பில் செவ்வந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். முதலாளி வந்து, இடப்பள்ளிப் பக்கம் இருக்கிற அகதி மந்திரத்துக்கு, அதாவது நாதியில்லாத கிழவன் கிழவிகளை வைத்துப் பார்க்கிற இல்லத்துக்கு, வண்டியைத் தானமாகக் கொடுப்பதாகச் சொன்னார். நீயும் வண்டியோடு போ, அவர்கள் வைத்துக்கொண்டால் உன் பாடு நல்லது, இங்கே இனி உனக்கு ஓட்ட வண்டி இல்லை என்றும் சொன்னார்.

பஜார் முழுக்க இதே பேச்சு. ஏதோ வேண்டுதலுக்கான நேர்ச்சை என்றார்கள் சிலர். பழைய வண்டிக்கு வரி கட்டுவதைவிடப் புண்ணியம் லாபம் என்றார்கள் சிலர். நான் அதற்கு முந்தின மாசம்தான் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தேன். ஒரு டிரைவரைக் கழற்றிவிட இதைவிடக் கௌரவமான வழி கிடையாது என்று எனக்குப் பட்டது. மூட்டை தூக்கும் குஞ்ஞப்பன் சேட்டன், தமிழன் என்பதால் என்னைப் பாண்டி என்றே கூப்பிடுகிறவர், மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கும் குளிப்பாட்டுவாங்க, அறுக்கறதுக்கும் குளிப்பாட்டுவாங்க. லாரிக்கு ஏது கல்யாணம், பாண்டி?"

பல்லைப் பிடித்தவர்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அகதி மந்திரத்தை நடத்தி வந்த பாருக்குட்டி டீச்சர் அந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர். குடையை மடக்கி அதன் முனையால் டயரைக் குத்தினார், தார்ப்பாயைக் கிளப்பினார், இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். முதலாளி பக்கத்தில் நின்று, வண்டி தங்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு டீச்சர் என்னிடம் திரும்பி, இதில் என்ன கோளாறு என்று கேட்டார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் வண்டி வேண்டாம் என்பார்; வண்டி போனால் நானும் போனேன். பொய் சொன்னால் முதல் நாளே பிடிபடுவேன். ரிவர்ஸ் கியர் விழாது டீச்சர், பின்னால் எடுக்க ஆள் வைத்துத் தள்ள வேண்டும் என்றேன். முதலாளியின் முகம் கறுத்தது. டீச்சர் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது திரும்பிப் போகாது, அல்லே? எனக்கு அது போதும்."

என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தும்மல்

அன்றுமுதல் எனக்குப் பகல் ஓட்டம். வருஷக்கணக்காக நான் ஓட்டிய ரோடுதான், ஆனால் வெயிலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததா, இந்தத் திருப்பத்தில் இத்தனை பேர் குடியிருந்தார்களா என்று அந்நியனைப் போலப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒருநாள் களமசேரியில் இலவசக் கண் பரிசோதனைக்கு இல்லத்து ஆட்களை ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மிளகாய் தின்ற பலகை எத்தனை கழுவினாலும் விடாது. பின்னால் ஒருவர் தும்மினால் எல்லாரும் தும்முவார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மூடின தார்ப்பாய்க்குள்ளிருந்து சரமாரியாகத் தும்மல் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தமிழ்நாட்டிலிருந்து ஆள் கடத்துகிறாயா என்று என் சட்டையைப் பிடித்தார். உள்ளே என்ன சரக்கு என்று லத்தியால் தட்டினார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு, கண்ணில் மருந்து ஊற்றிய கோலத்தில், வறீது அப்பச்சன் தலையை நீட்டினார். இல்லத்திலேயே மூத்தவர் அவர். "நாங்கதான் சாரே சரக்கு. எடுக்க ஆளில்ல, திருப்பிக் கொண்டு போறாங்க."

ரெண்டுக்கும் ஒரே பெயிண்ட்

ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றுவதை முதலாளி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஆனால் வண்டியில் தன் பேரை எழுத மட்டும் பெயிண்டரை உடனே அனுப்பிவிட்டார். பக்கவாட்டில் முழ நீளத்துக்கு மலையாளத்தில் முதலாளியின் பேர், அதற்குப் பின்னால் ‘வக’. நம் பக்கத்தில் ‘உபயம்’ என்று எழுதுவார்கள், குழப்பம் இல்லை. இந்த ‘வக’ அப்படியல்ல. கோயில் விளக்கில் எழுதினால் இன்னார் கொடுத்தது; தென்னந்தோப்பு வேலியில் எழுதினால் இன்னாருக்குச் சொந்தம்.

டீச்சருக்கு இது உறுத்தியது. வண்டி முதலாளி கொடுத்ததா, முதலாளியுடையதா, எந்த ‘வக’ இது என்று ஏணியில் நின்ற பெயிண்டரை மடக்கினார். அவன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "டீச்சரே, ரெண்டுக்கும் ஒரே பெயிண்ட்தான்."

நாலு ப

பயந்தது நடந்தது. முதலாளியின் மகன் துபாயிலிருந்து வந்தார். அப்போது ஊரெல்லாம் கல்ஃப் காசில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மணல் அடிக்க ஒரு லாரி கிடைத்தால் போதும் என்கிற காலம். என்னைச் சாயாக்கடைக்குக் கூப்பிட்டார். வண்டி எங்கள் வக என்று அதிலேயே எழுதியிருக்கிறது, ஆர்.சி.யும் வாப்பா பேரில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சாவியை மட்டும் கையில் வைத்திரு என்றார். கியரைச் சரிபண்ணி உனக்கே தருகிறேன், பழையபடி ராத்திரி ஓட்டம், வேலை உறுதி என்றார்.

ராத்திரி ஓட்டம் என்றதும் எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். வண்டி போனால் இல்லத்துக்கு அரிசியும் வராது, ஆஸ்பத்திரியும் கிடையாது. ஆனால் அந்த இல்லம் எனக்கு என்ன கொடுத்தது? டீச்சர் தினமும் டீசல் டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார். சாயந்தரமானால் சாவியைத் தன் அலமாரியில் பூட்டுகிறார். அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில் அந்த ‘உறுதி’ என்ற சொல்தான் நெருடியது. உறுதி என்கிறவனை முதலில் சந்தேகப்படு என்பது எங்கள் தொழிலின் பால பாடம்.

சனிக்கிழமை உச்சிவெயிலில், இல்லமே கண்ணயர்ந்திருந்தபோது, பெயிண்டர் விட்டுப்போன மிச்சப் பெயிண்டை எடுத்து ‘வக’வுக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன். சம்பாவனை, நன்கொடை என்று அர்த்தம். மலையாள எழுத்தை நான் கடைப் பலகைகளையும் லாரிப் பின்புறங்களையும் பார்த்துக் கற்றவன்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன முதலாளி இரண்டு ஆட்களோடு வந்தார். அதற்குள் சாயாக்கடைக்காரர் அதை உரக்கப் படித்திருந்தார். ரோட்டில் போனவர்கள் நின்று படித்தார்கள். முதலாளி பெரிய மனசுக்காரர் என்றார்கள். வாப்பாவின் பேரோடு ஊரே படித்த நன்கொடையை எந்த மகன் தள்ளிக்கொண்டு போவான்? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பழைய வேலை அத்தோடு போயிற்று.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். நமக்கு ஒரே ‘ப’, மலையாளத்தில் நாலு. நான் போட்டது வேறு ‘ப’. அவர் நான் எழுதியதைக் குடை முனையால் தொட்டார், என்னைப் பார்த்தார். "எழுத்து தெற்று. அப்ப எழுதினது நீதான். இங்கே வேலை பாக்கறவன் தப்பா எழுதக் கூடாது, உள்ளே வந்து நாலு ‘ப’வும் எழுதிக் காட்டு."

பழைய லாரியைத் தானம் கொடுக்க ஒரு முதலாளி போதும். அது தானம்தான் என்று ஊர் நம்ப வேண்டுமானால் டிரைவர் பெயிண்டராகவும் ஆக வேண்டியிருக்கிறது.