அக்காவின் காண்டா நடை

பத்துமலைப் படிகளின் பாதி வழியிலிருந்து என் அக்காவை இரண்டு தைப்பூசங்களில் நான்தான் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டு வந்தேன். அவள் தலையில் இருந்த பால்குடத்தை வேறு யாரோ வாங்கி மேலே கொண்டு போனார்கள். அக்கா படியோரம் உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். இழுப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த வேண்டுதலோ அவளுக்காக இல்லை, எனக்காக. தங்கச்சி பரீட்சையில் தேறி டீச்சராகிவிட்டால் பால்குடம் எடுத்துப் படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் அவள். நான் டீச்சராகி மூன்று வருடம் ஆகியிருந்தது. "சாமி கேக்குதோ இல்லியோ, எனக்கே உறுத்துதுடி" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

மலேசியாவில் எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா இறந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் மரம் வெட்டப் போனாள், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. அதனால்தான் நான் படித்தேன். கோலா சிலாங்கூர் டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தேன். குடியிருந்தது மட்டும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில், அக்காவோடு.

பகலில் பௌதிகம், சாயங்காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி. பயிற்சிக் கல்லூரி நாட்களில் கற்றுக்கொண்டது. உடன் வேலை செய்த ஆசிரியர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் என் வாய் சும்மா இருக்காது. அணுவும் ஆன்மிகமும் ஒன்று என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை டவுன் மண்டபத்தில் ஒருவர் பேச வந்திருந்தார். எலெக்ட்ரான் அலையாகவும் இருக்கிறது, துகளாகவும் இருக்கிறது, இதை நம் சித்தர்கள் அன்றே கண்டுவிட்டார்கள், எல்லாமே அதிர்வு, அதிர்வைச் சரிசெய்தால் நோயே இல்லை என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. நான் எழுந்து, "எந்த அதிர்வு? எதை வைத்து அளந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது அனுபவம்மா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு சொன்னது கெடக்கட்டும்லா. நீ தெனமும் மூக்கப் புடிச்சிகிட்டு ஒக்காந்திருக்கியே, அது எதுக்கு?"

நன்றாக இருக்கிறது, அதனால் செய்கிறேன் என்று மென்று விழுங்கினேன். அவருடைய அனுபவத்துக்கும் என் அனுபவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டிருந்தால் மானம் போயிருக்கும். அவள் கேட்டது வேறு.

"அப்ப எனக்கும் சொல்லிக் குடு. அடுத்த தைப்பூசத்துல நான் ஏறியே ஆவணும்."

மருந்தை நிறுத்தக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பம்பு எப்போதும் அவள் இடுப்பில் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் விஷயம் எனக்கே பிடித்துப்போனது. ஒரு மெல்லிய குழாயின் அகலம் பாதியானால், அதற்குள் ஓடும் ஓட்டத்துக்கான தடை பதினாறு மடங்காகும். பாடப்புத்தகக் கணக்குதான். இழுப்பில் மூச்சுக்குழல் சுருங்குகிறது, உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. பதறி அடுத்த மூச்சை இழுத்தால் இன்னும் அடைக்கும். வெளிமூச்சை நீட்டு, உள்மூச்சைவிட இரு மடங்கு நீட்டு என்று பழைய மூச்சுப் பயிற்சி சொல்வதில் எனக்கு மந்திரம் எதுவும் தெரியவில்லை. கணக்குத்தான் தெரிந்தது.

சேதி லயத்தில் பரவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் ஆயாக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். வேலை நாட்களில் பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டுப் போகிற அதே கொட்டகை. நான் கரும்பலகை இல்லாத குறையாக எல்லாம் விளக்கிவிட்டு, "இருபது மூச்சு. ஆரம்பிங்க" என்றேன்.

கொட்டகையே புஸ்புஸ்ஸென்று சத்தம் போட்டது. நான் மூன்றாவது மூச்சில் இருக்கும்போதே ஓரத்தில் ஒருத்தி எழுந்து கைலியை உதறிக் கட்டினாள்.

"முடிஞ்சிருச்சு டீச்சரு. போலாமா?"

அடுத்து இன்னொருத்தி. தோட்டத்தில் ஆளுக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுப்பதற்கு நிரை என்று பெயர். நிரை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். எண்ணிக்கை என்று எதைச் சொன்னாலும் அதைச் சீக்கிரம் தீர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அந்தத் தோட்டத்திலேயே வேகமாக மரம் வெட்டுகிறவள் என் அக்கா. இருபதை முடித்துவிட்டு, தங்கச்சியின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு நாற்பதும் போட்டிருக்கிறாள். கண் இருட்டி அப்படியே தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். இருமல் பிடித்து, நெஞ்சில் விசில் கேட்டு, பம்பை மூன்று முறை அடித்த பிறகுதான் முகம் தெளிந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. லயத்தில் பிறந்து நிரைக் கணக்கில் வளர்ந்தவள், அதே ஆட்களிடம் போய் எண்ணிக்கை சொல்லியிருக்கிறேன். மூச்சை எண்ணாதீர்கள் என்று சொல்லத் தெரியாத நான் என்ன டீச்சர்? கொட்டகைப் பக்கமே அதன் பிறகு போகவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அக்காவுக்குத் துணையாக ரப்பர் காட்டுக்குப் போனேன். மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பின் இரு முனைகளில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு நடந்தாள். நான் வெறும் கையோடு பின்னால் போனேன். செம்மண் மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கடைத்தெருவில் நாலு படி ஏறினால் இழுக்கிற இந்த மனுஷி, இரண்டு வாளி பாலோடு மேடு ஏறுகிறாள், நெஞ்சில் ஒரு சத்தம் இல்லை.

ஓடிப்போய் அவள் பக்கத்திலேயே நடந்து பார்த்தேன். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைத் தூக்காமல் தேய்த்து வைக்கும் குட்டி நடை. வாளிக்குள் இருக்கும் பாலுக்குத் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. நடையும் அதே தாளத்தில் விழுந்துவிட்டால் ஆட்டம் ஏறி ஏறி விளிம்பைத் தாண்டிக் கொட்டும். ஒத்ததிர்வு என்று இதைத்தான் இசைக்கவையைத் தட்டி நான் வகுப்பில் காட்டுகிறேன். அக்கா அந்தத் தாளத்துக்குத் தப்பிய நடை ஒன்றைப் பல வருடங்களில் தானாகக் கண்டுபிடித்திருந்தாள். மூச்சு அந்த நடையோடு பூட்டிக்கொண்டிருந்தது. மூன்று எட்டுக்கு உள்ளே, ஆறு எட்டுக்கு வெளியே. வெளியே விடும்போது உதட்டைக் குவித்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

மூன்றுக்கு ஆறு! இரு மடங்கு!

நான் போட்ட கூச்சலில் அடுத்த நிரையில் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் ஓடி வந்தார். "என்னா டீச்சரு, பாம்பா?"

"பாம்பு இல்லண்ணே, பௌதிகம்!" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அக்காவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியவே தெரியாது. "சிந்தாம நடக்கணும்ல, அதான்" என்றாள். எனக்கு ஆற்றங்கரை மின்மினிகள் ஞாபகம் வந்தன. எங்கள் பக்கத்துப் பெரெம்பாங் மரங்களில் அவை எவரும் கைகாட்டாமலே சேர்ந்து மினுக்கும். அக்கம்பக்கத்துத் துடிப்புகள் ஒன்றையொன்று இழுத்து ஒரே தாளத்துக்கு வருவது உயிருள்ளவற்றிலும் உண்டு, ஒரே பலகையில் மாட்டிய கடிகாரங்களிலும் உண்டு. காலும் மூச்சும் அக்காவிடம் அப்படி ஒன்றாகியிருந்தன. எலெக்ட்ரான் வரைக்கும் போகத் தேவையே இல்லை. மண்டபத்துப் பேச்சாளர் மேலிருந்த கோபம்கூட அன்று கொஞ்சம் ஆறியது. அவர் தேடிய இடம்தான் தப்பு.

அதன் பிறகு மூச்சைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. "காண்டா நடை நட" என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை காலைகளில் டவுனில் இருக்கும் புக்கிட் மலாவத்தி மேட்டில், தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா ஏறினாள். மரத்துக் குரங்குகள் இறங்கி வந்து குடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தன. முதல் வாரம் பாதியில் நின்றாள். இரண்டு மாதத்தில் உச்சிக்குப் போய் எனக்காகக் காத்திருந்தாள்.

தைப்பூசம் வந்தது. இருநூற்று எழுபத்திரண்டு படிகள், கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள். அக்கா குடத்தோடு முன்னால், நான் பம்போடு பின்னால். கூட்டம் மேளத்தின் வேகத்துக்கு ஏறியது, அக்கா தோட்டத்து வேகத்துக்கு ஏறினாள். "நடங்கம்மா, நடங்க" என்று பின்னால் இடித்தார்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

பாதிப் படி. இரண்டு முறை அவளை நான் இறக்கிய அதே இடம். முன்னால் ஒரு காவடி நின்றுவிட, கூட்டம் நெருக்கியது. அவள் நடை அறுந்தது. விசில் எனக்குக் கேட்டது. பம்பை அவள் வாயில் வைத்து அடித்தேன், குடத்திலிருந்து கையை எடுக்காமல் வாங்கிக்கொண்டாள். "அக்கா, எறங்கிடலாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் உதட்டைக் குவித்தாள். நின்ற இடத்திலேயே பாதங்களை மாற்றி மாற்றி வைத்தாள். 'ம்ம்ம்' என்ற முனகல் மேளத்துக்கு அடியில் மெல்லக் கிளம்பியது. ஒரு முறை, மறுமுறை, பிறகு நீளமாக. காவடி நகர்ந்ததும் அவள் ஏறினாள். மருந்தையும் தள்ளவில்லை, நடையையும் விடவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உச்சியில் குருக்கள் குடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். குடத்தின் கழுத்து வரைக்கும் பால் அப்படியே இருந்தது. முருகன் மேல் அது வெள்ளையாக வழிந்தபோது, என் வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தச் சான்றிதழுக்கும் வராத கண்ணீர் எனக்கு வந்தது. ஜெயித்துவிட்டாள். எங்கள் அக்கா ஜெயித்துவிட்டாள்.

வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "நெர முடிஞ்சிருச்சு டீச்சரு. போலாமா?"

பாதிப் படியிலிருந்து நானே மூச்சை அடக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். கடைசிப் படியில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் காற்றை இழுத்து இழுத்துத் திணறிக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து என் முதுகில் கையை வைத்தாள்.

"மொதல்ல வெளிய வுடுடி. உள்ள தானா வரும்."