தாழ்ப்பாள் எத்தனை அடி உயரம்?

சமரசம் செய்துவைப்பதையே பிழைப்பாகக் கொண்ட அந்த அம்மாள் எதற்கும் சமரசம் செய்துகொள்ளாதவர். முதுகுக்குப் பின்னால் அலுவலகம் அவரை "முள்ளக்கா" என்றது. தெரிந்ததும் தன் தேநீர்க் கோப்பையில் அதையே எழுதி வைத்துக்கொண்டார்.

பதினெட்டு வருடமாக அவருக்கு ஒரே பிடிவாதம்: கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாத சொல் ஒப்பந்தத்தில் ஏறக்கூடாது.

அன்று எதிரே ஒரு தாய். விடியற்காலையில் பேருந்து கழுவும் வேலை. தூங்குகிற ஐந்து வயது மகளைத் தனியே விட்டுப் போயிருந்தாள். மகள் விழித்து, தாழ்ப்பாளைத் திறந்து, அம்மாவைத் தேடிப் பணிமனைவரை நடந்துவிட்டாள். இருபது நாளாகக் காப்பகத்தில் இருக்கிறாள். இன்று குழந்தைநலத் துறையோடு உடன்பாடு இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் அங்கேதான்.

குழந்தைநல அலுவலர் வரைவை நீட்டினார்: 'தாய் இனி பொறுப்புடன் நடந்துகொள்வார்.'

"பொறுப்புன்னா எத்தனை மணிக்கு, சார்?" என்றார் முள்ளக்கா.

"மேடம், எல்லாரும் எழுதுறதுதானே!"

"அதான் பயம். நாளைக்குப் புள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் பொறுப்பில்லேன்னு தூக்கிட்டுப் போயிடுவீங்க." வரியை அடித்தார். "தாழ்ப்பாள் எத்தனை அடி உயரத்துல இருக்கு?"

அலுவலர் கோப்பைப் புரட்டினார். நாற்பது பக்கம் தாயின் குணம் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை.

"என் இடுப்பு உயரம்தாங்க," என்றாள் தாய்.

"நீ கிளம்பினா யாரு பாத்துக்குவா?"

"பக்கத்துத் தெருவுல நாத்தனார் இருக்கா. பேச்சு கிடையாது. அவ கால்ல போய் விழ மாட்டேன்."

"யாரு விழச் சொன்னா? வந்து படுத்துக்கட்டும். தூங்குறதுக்குப் பேச்சு எதுக்கு?"

யாரும் கூப்பிடாமலே வராந்தாவில் காத்திருந்த நாத்தனார் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "நான் வரேன். என் குறட்டையப் பத்தி இவ ஊரெல்லாம் சொல்லக் கூடாது."

"இதையும் எழுதணுமா?" என்றார் அலுவலர்.

"காதால கேக்குறது. கண்ணால பாக்க முடியாது. வேண்டாம்."

ஒப்பந்தம் மூன்றே வரி: தாழ்ப்பாள் ஐந்தரை அடிக்கு ஏறும்; நாத்தனார் இரவில் தாயின் வீட்டில் படுப்பார்; துறை வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழந்தையைக் கொண்டுவந்து விடும்.

மேலதிகாரி திருப்பி அனுப்பினார்: '"பொறுப்புடன்" எங்கே?' முள்ளக்கா அதன் கீழேயே எழுதினார்: 'டேப் எடுத்து வாருங்கள், அளந்து காட்டுகிறோம்.' மறுபடி திரும்பியது. மறுபடி அனுப்பினார். மூன்றாவது முறை கையெழுத்தோடு வந்தது.

வெள்ளிக்கிழமை சரிபார்க்க முள்ளக்காவே தாயின் வீட்டுக்குப் போய் நின்றார். குழந்தை பத்து இருபதுக்கு வந்தது. 'துறை, இருபது நிமிடத் தாமதம்' என்று குறித்துக்கொண்டார்.

மகள் நேரே கதவுக்குப் போய்க் கையை நீட்டினாள். எட்டவில்லை. எம்பினாள். எட்டவில்லை.

"யாரு இதை மேல வச்சது?" என்று எல்லோரையும் முறைத்தாள்.